ஒரகடத்துக்குப் போன பேஸ்பால் ஒப்பந்தம்

“வரலாம். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். சாப்பாடு பன்னிரண்டரைக்கு.”

கடிதம் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் கையால் எழுதி, கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கீழே யூன் என்று ஒரு கையெழுத்து. தேதி இல்லை. எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்டதற்கு, “ஆடிட் முடியும் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை கொரியா போகிறேன். திரும்ப மாட்டேன்” என்று பதில் வந்தது. அதிலும் தேதி இல்லை. தேதி போடாமல் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எழுதினால் அச்சில் வராது.

நான் திருச்சிக்காரன். பாதி ஆயுளுக்கு மேல் ஒஹாயோவில் ஒரு சிறிய ஊரில் கழித்துவிட்டேன். அங்கே நூலகத்தில் பழைய செய்தித்தாள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. நட்சத்திரங்களுடையவை அல்ல, அவை ஏலத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய்விடும். எனக்குக் கிடைப்பவை அடிமட்ட லீக்குகளின் தாள்கள். ஒரு பருவம் ஆடிவிட்டு, சில சமயம் ஆடாமலே, ஊர் திரும்பியவர்களின் கையெழுத்துகள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பக்கம் எழுதி வைக்கிறேன்: எங்கே பிறந்தார், எத்தனை ஆட்டம் ஆடினார், பிறகு என்ன ஆனார். ஒருவர் பெட்ரோல் பங்க் வைத்தார். ஒருவர் பாதிரியார் ஆனார். ஒருவர் பல் மருத்துவராகி, தன்னைக் களத்தில் கேலி செய்தவருக்கே பல் பிடுங்கினார்.

எனக்கு ஒரு விதி உண்டு. கையெழுத்தைப் போட்டவரோ அவர் குடும்பமோ அசல் தாளைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்ட விவரத்துக்கு அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை.

யூனின் ஒப்பந்தம் மற்ற தாள்களோடு ஒரே கட்டாக வந்தது. இடது கைப் பந்துவீச்சாளர், பத்தொன்பது வயது, கொரியா, ஒரே ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். அந்த லீக்கின் ஆண்டுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. ‘ஆட்டங்கள்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு. சுழியம்கூட இல்லை. கடல் தாண்டிப் போன பையன் ஒரு பந்தும் வீசாமல் திரும்பினானா? தேடியதில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் இணையப் பக்கத்தில் அவர் படம் கிடைத்தது: குவாலிட்டி ஹெட், ஒரகடம், தமிழ்நாடு. நான் விட்டுவிட்டு வந்த மாநிலத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையெழுத்தின் படத்தை அனுப்பினேன். “படத்தில் தெரியவில்லை, தாளைக் கொண்டு வா” என்றார். கொண்டு போனேன். அதுதான் இந்தப் பயணம்.

திங்கட்கிழமை. நான் தங்கிய விடுதி ஒரகடம் சந்திப்புக்கு அருகில் இருந்தது. காலை உணவு மேசையில் பொங்கல், வடை, அவற்றின் பக்கத்தில் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய், வேகவைத்த கீரை, ஒட்டிக்கொள்ளும் சோறு. ஒரே கரண்டியை எல்லாவற்றுக்கும் போட்டிருந்ததால் என் பொங்கலில் மிளகாய்ப் பூண்டு வாடை அடித்தது. ஒஹாயோவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தியா என்றால் யானை. இங்கே என் பக்கத்து மேசையில் நான்கு கொரியர்கள் வடையைக் குச்சியால் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆடிட்டா சார்?” என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப மிஷின் இன்ஸ்டலேஷனா?” அதுவும் இல்லை என்றதும் அவள் முகத்தில் சந்தேகம் வந்தது. இந்த இரண்டுக்கும் இல்லாமல் ஒரகடத்துக்கு யாரும் வருவதில்லை போலிருக்கிறது.

வாரம் முழுவதற்கும் அமர்த்திக்கொண்ட டாக்சியின் டிரைவர் எல்லப்பன், வடக்குப்பட்டுக்காரர். வீட்டில் நாலு பேர் நாலு கம்பெனியில் இருப்பதாகவும், கொடியில் துணி காய்ந்தால் நாலு கலர் யூனிஃபார்ம் ஆடும் என்றும் சொன்னார். அவரும் ஒரு கம்பெனியின் உற்பத்தி லைனில் இருந்தவர்தான். “ஷிப்டு ஒடம்புக்கு ஒத்துக்கல சார். தூங்கச்சொல்ல முழிப்பு, முழிக்கச்சொல்ல தூக்கம். வுட்டுட்டேன்.”

கைபேசி வரைபடத்தை நம்பாதே என்று அவர் சொன்னார். நான் நம்பினேன். அது எங்களைத் தொழிற்சாலையின் பின்வாசலுக்குக் கொண்டுபோய், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில் நிறுத்தியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஒரு லாரியின் கீழ் அடுப்பு வைத்து யாரோ சப்பாத்தி சுட்டார்கள்.

“இந்த லைன் எப்போது நகரும்?”

“இது லைன் இல்ல சார், இவங்க வூடு,” என்றார் எல்லப்பன். “நீ மேப்பு சொன்னிச்சுன்னு வந்துட்ட. மேப்புக்கு இன்னா தெரியும், அது லாரியாண்ட கேட்டுக்கினா வந்துச்சு?”

வெளியே வந்தபோது பன்னிரண்டரை தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. யூனிடமிருந்து ஒரு செய்தி: “நீ வரவில்லை.” அன்று அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை முன்வாசலுக்குப் போனோம். தலைமைக் காவலர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. என் கைபேசியின் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார். பாதுகாப்புக் காலணி இல்லை என்பதற்காக, யாரோ விட்டுப்போன இரும்பு முனைக் காலணியைக் கொடுத்தார். இடது கால் காலணி பெரியது, வலது கால் காலணி இன்னும் பெரியது. பிறகு பை.

“இது என்ன சார்?”

“ஒரு தாள். பழைய ஒப்பந்தம்.”

“மெட்டீரியல்ல எழுதணும்லா.”

“தாள் ஐயா. பொருள் இல்லை.”

“கேட்டுக்குள்ள போறது எல்லாம் மெட்டீரியல்தான் சார். நேத்து ஒரு கொரியாக்காரர் தர்பூசணி கொண்டாந்தாரு, அதையும் எழுதிட்டுதான் விட்டேன். வெளிய எடுத்துட்டுப் போகணும்னா உள்ள உள்ளவரு சைன் வேணும். சைன் இல்லாம எங்கப்பா வந்தாலும் விட மாட்டேன்.”

அவருடைய அப்பா வரவில்லை. நான்தான் வந்திருந்தேன். எழுதச் சொன்னேன்.

கேன்டீனில் யூனைப் பார்த்தேன். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உயரமான மனிதர், சாம்பல் நிற யூனிஃபார்ம், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. தமிழில் பேச ஆரம்பித்தார். அவர் தமிழ் கற்றது லைனில் வேலை செய்யும் பையன்களிடம். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக் கற்றது. ஆகவே உலகத்தில் எல்லோரும் அவருக்கு ‘நீ’தான்.

“நீ வந்தியா. ஒக்காரு. சாப்ட்டியா?”

என்னைவிடப் பல வயது இளையவர் இப்படிக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அவரோ தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஒப்பந்தத்தை உறையோடு நீட்டினேன். வாங்கினார், கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி மேசையில் இருப்பதாகச் சொன்னார். மேசைக்குப் போனோம். கண்ணாடியை மாட்டினார். அதற்குள் ஒருவர் ஓடி வந்து லைன் நின்றுவிட்டதாகச் சொன்னார்.

“லைன் நின்னு போச்சு. நான் போறேன். இது இங்க இருக்கட்டும். நாளைக்கு வா.”

தாளை என்னிடம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். இரும்புக் காலணியோடு எவ்வளவு வேகமாகப் போக முடியும்? அவர் போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் தாள் வாசலைத் தாண்டாது என்பது எனக்குத் தெரியும். மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு திருட்டும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருட்டு நடக்கவில்லைதான்.

புதன்கிழமை உள்ளேயே விடவில்லை. ஆடிட்டுக்கு முந்தைய நாள், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. முதல் நாளே இதை யாரும் சொல்லவில்லை. காலணி வாங்க மறைமலை நகர் வரை போய், என் அளவில் இல்லை என்று தெரிந்து திரும்பினோம். நான் வழியெல்லாம் எரிச்சலில் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எல்லப்பன் செம்பரம்பாக்கம் ஏரிக் கரைக்கு அழைத்துப் போகவா என்று கேட்டார். “காத்து நல்லா வரும் சார், கோவம் கொறையும்.” நான் விடுதிக்குப் போகச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஆடிட். மதியம் கொஞ்ச நேரம் நான் வரலாம் என்று யூன் சொல்லியிருந்ததால் உள்ளே விட்டார்கள். மேசைக்குப் போனேன். மேசை துடைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கூடு இருந்தது. தாள் இல்லை.

அங்கே ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் கல்பனா, காஞ்சிபுரத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என் கேள்வியைக் கேட்டதும் பதற்றமே இல்லாமல், “அந்த இங்கிலீஷ் அக்ரிமென்ட்டா சார்? எடுத்துட்டோமே,” என்றார்.

“எங்கே எடுத்தீர்கள்?”

“நேத்து சாயங்காலம் எல்லார் டேபிளும் செக் பண்ணோம் சார். ஆடிட்டுக்கு முன்னாடி பண்ணுவோம். வேலிடிட்டி முடிஞ்ச பேப்பர் ஷாப் ஃப்ளோர்ல இருக்கக் கூடாது. அந்த அக்ரிமென்ட்ல ஒரு சீசனுக்குத்தான் வேலிட்னு போட்டிருந்துச்சு. முடிஞ்சு எவ்ளோ வருஷம் ஆச்சு. அதனால அப்சலீட், காலாவதின்னு சீல் போட்டு ரெட் பின்ல போட்டுட்டோம்.”

அவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. அந்தத் தாள் காலாவதியானது என்பது எனக்குத் தெரியும். நான் சேர்ப்பதே காலாவதியான தாள்களைத்தான். காலாவதியாகாத ஒப்பந்தம் எவரிடமும் இருக்காது, கம்பெனி இரும்புப் பெட்டியில் இருக்கும். இதையெல்லாம் நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“கரெக்ட்தான் சார். ஆனா அப்சலீட்னு நீங்களே எழுதி ஒட்டி வெச்சிருந்தா நாங்க தனியா வெச்சிருப்போம். ஒண்ணும் எழுதல. அப்ப எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தத் தொட்டி எங்கே?”

“இங்கதான் இருக்கு. சாயங்காலம் கிழிக்கிற மிஷினுக்குப் போவும்.”

சிவப்புத் தொட்டி அவர் காலடியிலேயே இருந்தது. பூட்டு போட்ட மூடி, நடுவில் தாள் நுழையும் அளவுக்கு ஒரு வாய். கையை உள்ளே விடப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போனது.

“சார், கையை எடுங்க சார், ஆடிட்டர் உள்ள இருக்காரு,” என்றார் கல்பனா மெதுவாக. “போட்டதைத் திரும்ப எடுக்கணும்னா அப்ரூவல் வேணும். குவாலிட்டி ஹெட் சைன்.”

குவாலிட்டி ஹெட் கண்ணாடி அறைக்குள் ஆடிட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முதுகு தெரிந்தது. கல்பனா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார். யூன் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். ஆடிட்டர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பதிலைப் பாதியில் விட்டு யூன் எழுந்து வெளியே வந்தார்.

கல்பனா படிவத்தை நீட்டினார். “சார், ரீசன் என்ன போடறது?”

“தப்பா போட்டாச்சு. போடு.”

“தப்பா போட்டாச்சுன்னா ரூட் காஸ், அடிப்படைக் காரணம் என்னன்னு எழுதணும் சார்.”

யூன் யோசித்தார். “ரூட் காஸ் நான். டேபிள்ல வெச்சேன். எழுது.”

எழுதினார். யூன் கையெழுத்துப் போட்டார், இடது கையால். தொட்டியைத் திறந்து, பழைய வரைபடங்களுக்கும் அளவுச் சீட்டுகளுக்கும் நடுவிலிருந்து என் தாளை எடுத்தார்கள். தலைப்புக்குக் குறுக்கே சிவப்பில் பட்டை பட்டையாக ‘அப்சலீட்’. முத்திரையின் கடைசி எழுத்து கையெழுத்தின் வாலை நனைத்திருந்தது. என் சேகரிப்பில் ஒரு காபிக் கறைகூடப் பட்ட தாள் கிடையாது.

யூன் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“என் சைன்தான்,” என்றார். “பயம் அப்போ. கை ஆடிச்சு. பாரு.” கடைசி வளைவில் பேனா நடுங்கியிருந்ததை விரலால் காட்டினார். ஐந்து முறையாவது பூதக்கண்ணாடியில் பார்த்த கையெழுத்து அது. அச்சுக் காகிதத்தின் சொரசொரப்பு என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

அதற்குள் கண்ணாடி அறையின் கதவு திறந்தது. அவர் போய்விட்டார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். வாசலுக்கான சீட்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். காவலர் சீட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “உள்ள போகும்போது சீல் இல்லியே சார். இப்ப இருக்கு. இது அதே மெட்டீரியல்தானா?” அவரோடு வாதாடியதை எழுதப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஆடிட் முடிந்ததும், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரிய உணவகத்தில் சந்தித்தோம். எல்லப்பனையும் உள்ளே கூப்பிட்டார் யூன். “நீயும் வா. ஏன் வண்டில ஒக்காந்துக்கினு?” மேசை நடுவில் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டார்கள். எல்லப்பன் எதையும் சந்தேகப்படாமல் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை அசைவம் தொடாத நான் முள்ளங்கி ஊறுகாயோடு சோறு சாப்பிட்டேன்.

ஆடிட் எப்படி என்று கேட்டேன். தொட்டியைத் திறந்ததற்கான படிவத்தைப் படித்துவிட்டு ஒரு குறை எழுதியிருக்கிறார்கள் என்றார். குவாலிட்டி ஹெட்டின் மேசையில் காலாவதியான ஆவணம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். அவருக்கு வேறு விஷயம் வேண்டியிருந்தது.

“உன் புக்ல நான் எத்தனை மேட்ச்?”

“ஆண்டுப் புத்தகத்தில் கோடு போட்டிருக்கிறது.”

“தப்பு. நான் போட்டேன். ரெண்டு இன்னிங்ஸ்.”

அதன்பின் நடந்ததை ஆங்கிலத்திலும் தமிழிலும், இடையிடையே கொரியத்திலும் கலந்து சொன்னார். பருவம் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நாள் வெளியூரில், முதல் பந்துவீச்சாளருக்கு வயிறு சரியில்லாமல் போக, அவரை இறக்கினார்கள். இரண்டு இன்னிங்ஸ் வீசினார். ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை. நெட்டையான ஒருவன் மூன்று பந்திலும் காற்றை அடித்து அவுட்டாகிப் போனான். மூன்றாவது இன்னிங்ஸுக்குக் களமிறங்கும்போது மழை வந்தது. ஆட்டம் அதோடு நின்றது. அடுத்த வாரம் தோளில் வலி, பிறகு கொரியா.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடியாமல் மழை நிறுத்தினால், அந்த ஆட்டம் நடக்காத ஆட்டம். யார் வீசினார், யார் அடித்தார் எதுவும் கணக்கில் ஏறாது. அதுதான் அந்தக் கோடு என்று விளக்கினேன்.

எல்லப்பன் சாப்பிடுவதை நிறுத்தினார். “அது இன்னா சார் நாயம்? மழ பேஞ்சா போட்ட பாலு போடாத பாலு ஆயிடுமா?”

“விதி அப்படி.”

“விதி கெடக்குது. அந்த நெட்டக்காரன் அவுட்டுதானே? அவன் வூட்டாண்ட போயி நான் அவுட்டே ஆவலன்னா சொல்லிக்கினு கீறான்?”

“கரெக்ட்,” என்றார் யூன். “நீ எழுது. ரெண்டு இன்னிங்ஸ்.”

“அச்சில் ஏதாவது இருந்தால் எழுதுவேன். எந்த மாதம்?”

“சூடு.”

“எந்த ஊர்?”

“பஸ்ல போனோம். பெரிய ஏரி கீது. செம்பரம்பாக்கம் மாதிரி.”

“எதிர் அணி?”

“பச்சை சட்டை.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சூடு, ஏரி, பச்சைச் சட்டை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஆடிய ஆட்டத்தின் தேதியை எப்படி மறக்க முடியும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“தேதி புக்ல இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். “அவங்க எழுதுவாங்கன்னு நெனச்சேன்.”

அடுப்பில் கருகத் தொடங்கிய இறைச்சித் துண்டைக் குச்சியால் திருப்பிப் போட்டார்.

“என் பொண்டாட்டி நம்பல. கம்பெனில நம்பல,” என்றார். “இங்க கிரிக்கெட் ஆடினேன். பால் போட்டா த்ரோ, நோ பால்னு சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் தேடி வந்தே. நீ எழுதலன்னா நான் போடல.”

எழுத மாட்டேன் என்றேன். ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள் என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். தேடிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், என் கிண்ணத்தில் இன்னும் சோறு வைத்தார்.

திரும்பும் வழியில் வண்டலூர் சாலை வந்ததும் எல்லப்பன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “எழுதிட்டுப் போயேன் சார். யாருக்கு நட்டம்?” என்றார்.

ஒஹாயோ திரும்பியதும் தேடினேன். அந்த லீக்கில் ஏரிக்கரை ஊர்கள் மூன்று. ஒன்றில் அந்தக் கோடையில் மழையால் எந்த ஆட்டமும் நிற்கவில்லை. இரண்டாவதின் செய்தித்தாளில், விளையாட்டுப் பக்கத்தின் அடியில், ‘நேற்றைய ஆட்டம் மூன்றாவது இன்னிங்ஸில் மழையால் கைவிடப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. வீசியவர் பெயர் இல்லை. ஊர் அணியின் சட்டை பச்சையா என்று கேட்டு எழுதினேன். அந்த ஊர் நூலகத்தில் அந்தக் கால வண்ணப் படம் எதுவும் இல்லை என்றார்கள். மூன்றாவது ஊரின் செய்தித்தாள் நின்றுபோய்விட்டது. அதன் கோடைக்கால இதழ்கள் இதுவரை நான் கேட்ட எந்த நூலகத்திலும் இல்லை.

யூனின் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். ஆட்டங்கள் என்ற கட்டத்தில் கோடு அப்படியே இருக்கிறது. அதன் கீழே, மற்ற எந்தப் பக்கத்திலும் நான் எழுதாத வகையில் ஒரு வரி எழுதி, படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த வரி இது:

‘ஏரிக்கரை ஊர் ஒன்றில், மழையால் நின்ற ஆட்டத்தில், ஓட்டம் கொடுக்காமல் இரண்டு இன்னிங்ஸ் வீசினார் என்பது யூனின் கூற்று. ஊர் தெரியவில்லை. தேதி தெரியவில்லை. சரிபார்க்கப்படவில்லை.’